சத்துமாவும் பன்னிரண்டாம் இலக்கமும்

பூஞ்சணத்தைக் கண்டதும் முகத்தைச் சுளிக்கிறவர்கள் நம்முடைய தொழிலில் நிலைப்பதில்லை. வந்த மாதமே வேறு பிரிவுக்கு மாற்றம் கேட்டுப் போய்விடுவார்கள். அவர்களால் ஒருவருக்கும் கெடுதல் வராது. எனக்குப் பயம் மற்ற வகை ஆட்களைப் பார்த்துத்தான். பூஞ்சணம் வளர்க்கிற தட்டின் மூடியைத் திறந்ததும் "ஐயோ, என்ன வடிவு" என்று சொல்கிறவர்கள். உங்களில் பாதிப்பேர் அப்படித்தான் சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். நானும் அப்படிச் சொல்லிச் சொல்லியே பென்ஷன் எடுத்தவள்தான்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி ஆய்வுகூடத்திலிருந்து கேட்டார்கள். வேலை முறைகளை எழுதப் போவதில்லை. அவை உங்கள் மேசையில் தடித்த கோப்பாகக் கிடக்கின்றன. அதைப் படிக்கிற கொடுமையை நீங்களே அனுபவியுங்கள். நான் எழுதப்போவது கோதுமையில் வளர்ந்த ஒரு பூஞ்சணத்தைப் பற்றியும், கொட்டாஞ்சேனையில் சத்துமா விற்ற ஒரு பெண்ணைப் பற்றியும். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து மாடி வீட்டில், ரயில் போகிறபோதெல்லாம் யன்னல் கண்ணாடி அதிர, எனக்கு இப்போது நிறைய நேரம் இருக்கிறது. நினைக்க விரும்பாததை நினைக்கவும் நேரம் கிடைத்துவிடுகிறது. ஓய்வில் உள்ள கஷ்டம் அதுதான்.

மின்வெட்டுக் காலத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது நீங்கள் பள்ளிக்கூடத்திலோ பல்கலைக்கழகத்திலோ மெழுகுதிரி வைத்துப் படித்துக்கொண்டிருந்திருப்பீர்கள். பெற்றோலுக்கு வரிசை, காஸுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. கோதுமை மா வந்த அன்றே தீர்ந்துவிடும். பாண் விலை ஏற ஏற, பாணின் நிறை குறைந்துகொண்டே வந்தது. அந்தக் காலத்தில் வீட்டில் சத்துமா இடித்து விற்ற பெண்கள்தான் எத்தனையோ பிள்ளைகளின் காலை வயிற்றை நிரப்பினார்கள். அதை நான் பகிடியாகச் சொல்லவில்லை.

செல்வராணி அப்படி ஒருத்தி. கொட்டாஞ்சேனையில் ஒரு ஒழுங்கைக்குள் சின்ன வீடு. கணவன் இல்லை. சிவப்பரிசி, பயறு, சோயா, கோதுமை எல்லாவற்றையும் வறுத்து, மில்லில் அரைத்து, அரித்து, பைகளில் அடைத்து விற்றாள். பக்கத்தில் இருந்த முன்பள்ளி ஒன்றுக்கும் கொடுத்தாள். அங்கே காலையில் அதைச் சீனியும் தேங்காய்ப்பூவும் போட்டுக் குழைத்து உருண்டையாகப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். அரிசி விலை ஏறியதும் அரிசியைக் குறைத்து, கோதுமையைக் கூட்டினாள். அந்தக் கோதுமை புறக்கோட்டையில் ஒரு கடையில் உதிரியாக வாங்கியது. எந்த நாட்டிலிருந்து எந்தக் கப்பலில் வந்தது என்று கடைக்காரருக்கே தெரியாது.

ஒரு நாள் காலையில் உருண்டை சாப்பிட்ட பிள்ளைகள் சிறிது நேரத்தில் வாந்தி எடுத்தார்கள். நம் பேச்சில் சத்தி என்போமே, அது. பெரும்பாலான பிள்ளைகள் அன்று பின்னேரமே ஓடி விளையாடத் தொடங்கிவிட்டார்கள். செல்வராணியின் அடுத்த வீட்டுக்காரி றெஜினாவின் மகனை மட்டும் ஆஸ்பத்திரியில் மறித்து வைத்தார்கள். அவனும் சுகமாகி வந்துவிட்டான். ஆனால் அவன் வருவதற்குள் ஒழுங்கையில் யாரோ சத்துமாவைச் 'சத்திமா' ஆக்கிவிட்டார்கள். ஒரு எழுத்தை மாற்றினால் போதும் பாருங்கள். செல்வராணி தெருவில் இறங்கினால் சின்னப் பிள்ளைகள்கூட "சத்திமா அக்கா போறா" என்று கத்தினார்களாம்.

சுகாதாரப் பரிசோதகர் எங்களிடம் கொண்டுவந்தது ஒரு சிறிய பை சத்துமாவும், அவள் வீட்டு மூட்டையிலிருந்து அள்ளிய ஒரு கைப்பிடி கோதுமையும். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: பிழை அவள் சமைக்கிற குசினியிலா, கோதுமையிலா? குசினியில் என்றால் அவள் இனி சத்துமா விற்க முடியாது. கோதுமையில் என்றால் அவள் பேர் தப்பும். ஒரு பெண்ணின் வாழ்க்கை எங்கள் மேசைக்கு வந்திருக்கிறது என்று எங்களுக்கு அன்றே தெரியும். தெரியாமல் நடந்தது என்று நான் சொல்லப் போவதில்லை.

எங்கள் பிரிவுக்கு அப்போது நாங்கள் 'சேர்' என்று கூப்பிட்ட அதிகாரி ஒருவர் பொறுப்பாக இருந்தார். மாளிகாவத்தைக்காரர். பேரை எழுத வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார், நானும் எழுதவில்லை. பூஞ்சணம் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் போட்ட பிச்சை. அந்தக் கோதுமையைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "சில மணியில ரோஸ் நிறம் அடிக்குது, மிஸ். இது வயல்லயே பிடிச்ச பங்கசு. இந்தப் பொம்புள மேல பிழை போடுறதுக்கு முந்தி நாங்க யோசிக்கணும்" என்றார். ரோஸ் நிறம் அடித்த மணியில் வளர்வது பியூசேரியம் என்ற பூஞ்சணக் கூட்டம் என்றும், அதில் சில வாந்தி எடுக்க வைக்கும் நச்சைச் சுரக்கும் என்றும் உங்களுக்குப் படிப்பித்திருப்பார்கள்.

அப்படியானால் சத்துமாவிலேயே நேரடியாக நச்சை அளந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அளந்திருக்கலாம்தான். அதற்கான மருந்துச் சாமான்கள் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், நாட்டில் டொலர் இல்லை. அலுமாரியில் இருந்தது காலாவதியான ஒரு பெட்டி. சத்துமாப் பை முழுவதும் முதலில் கிருமிப் பரிசோதனைக்குப் போய்விட்டது. அதில் கொஞ்சம் கிருமி இருந்தது; என் குசினியிலும் உங்கள் குசினியிலும் இருக்கிற அளவுதான். கைப்பிடிக் கோதுமையை முழுவதும் தட்டுகளில் பரப்பிப் பூஞ்சணத்தைப் பிரித்தெடுத்தோம். இன்னும் கொஞ்சம் கோதுமை எடுக்கலாம் என்று பரிசோதகர் திரும்பிப் போனபோது மூட்டையே இல்லை. றெஜினா வந்து வாசலில் நின்று சண்டை பிடித்ததில் பயந்துபோய், செல்வராணி அதைக் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டாள்.

ஆகவே அந்தக் கோதுமையின் மிச்சமாக எங்களிடம் இருந்தது அதில் வளர்ந்த பூஞ்சணம் மட்டும்தான். அதற்குப் பன்னிரண்டாம் இலக்கம் என்று பெயர் வைத்தோம். மருந்துச் சாமான்கள் வந்ததும் அதைச் சுத்தமான கோதுமையில் வளர்த்து, நச்சுச் சுரக்கிறதா என்று பார்ப்பது என்று முடிவு. அதுவரை அதை உயிரோடு வைத்திருக்க வேண்டும்.

உறைகுளிரில் போட்டு வைப்பதுதான் ஒழுங்கான முறை. ஆனால் மின்சாரம் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. ஒருமுறை உருகி மறுபடி உறைந்தால் எல்லாம் போச்சு. அதனால் தட்டிலிருந்து தட்டுக்கு மாற்றி மாற்றி வளர்ப்பது என்று தீர்மானித்தோம். பழைய தட்டு முதிரும்போது அதிலிருந்து ஒரு துண்டை வெட்டிப் புதுத் தட்டில் வைப்பது. அந்த வேலையை ஏற்றுக்கொண்டவள் தர்ஷினி.

தர்ஷினிக்குக் கிருலப்பனையில் வீடு. பஸ் ஓடாத நாட்களில் நடந்தே வருவாள். வந்ததும் தண்ணீர்கூடக் குடிக்காமல் தட்டுகளைத்தான் முதலில் பார்ப்பாள். எங்கள் கூடத்தில் அவளுடைய கையைப் போலச் சுத்தமான கை வேறு யாருக்கும் இல்லை. நான் மாற்றினால் ஏதாவது ஒரு பச்சைப் புள்ளி எங்கிருந்தாவது வந்து முளைக்கும். அவள் மாற்றிய தட்டில் வேறெதுவும் முளைக்காது. சேர் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரு வசனம்தான்: "நல்லா வளர்ந்த ஓரத்துலேர்ந்து எடுங்க, மகள். நோஞ்சானத் தொடாதீங்க." அவள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு தடவையும் தட்டில் எந்த இடம் நன்றாக, செழிப்பாக, பஞ்சு மாதிரிப் பொங்கி வளர்ந்திருக்கிறதோ அங்கிருந்து வெட்டினாள்.

அந்தப் பூஞ்சணம் அவளுடைய பராமரிப்பில் கொழித்தது. தொடக்கத்தில் தட்டின் அடிப்பக்கம் அழுக்கான சிவப்பாக, ஆறிப்போன காயம் மாதிரி இருந்தது. மேலே அங்கங்கே மெலிந்த நூல்கள். மாதங்கள் போகப் போகச் சிவப்பு வெளிறி, தட்டு முழுவதும் வெள்ளை வெளேர் என்று ஆகிவிட்டது. நான் அதைப் பார்த்து என்ன சொன்னேன் என்று நினைக்கிறீர்கள்? "என்ன வடிவு" என்றுதான். சேரும் பார்த்தார். "உங்கட கைக்கு மருந்துச் சாமான் வந்ததும் ஒரு பார்ட்டி வைக்கணும்" என்று தர்ஷினியைப் பகிடி பண்ணினார். அந்த வெள்ளை எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

இதற்கு முன்பே, பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்த ஒரு தம்பி எங்களிடம் வந்திருந்தார். நாட்டுக்குள் வரும் கோதுமையில் உள்ள பூஞ்சணங்களின் மரபணு வேறுபாட்டைப் பார்ப்பது அவருடைய வேலை. ஒரே இனம் என்று பேர் வைத்திருப்போம். உள்ளே போய்ப் பார்த்தால் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி ஆளுக்கொரு குணம் இருக்கும். ஒன்று நச்சைக் கொட்டும், ஒன்று கொஞ்சமாகச் சுரக்கும், இன்னொன்று மரபணுவை வைத்துக்கொண்டே சும்மா இருக்கும். அவர் கேட்டதற்காக, பன்னிரண்டாம் இலக்கத்தைப் பிரித்தெடுத்த புதிதிலேயே அதன் ஒரு துண்டை அவருக்கும் கொடுத்திருந்தோம். அவருடைய பிரிவில் எப்படியோ உறைகுளிர்ப் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. கொடுத்ததை நாங்கள் மறந்துபோனோம்.

கடைசியில் மருந்துச் சாமான்கள் வந்தன. தர்ஷினியின் வெள்ளைத் தட்டிலிருந்து எடுத்து, சுத்தமான கோதுமையில் வளர்த்து அளந்தோம். நச்சு இல்லை. நம்பாமல் திரும்பவும் அளந்தோம். இல்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள். நாங்கள் கண்டது, அந்தத் தட்டில் அந்த நேரத்தில் இருந்த பூஞ்சணம் நச்சுச் சுரக்கவில்லை என்பதை மட்டும்தான். சேர் முதலில் அப்படித்தான் எழுதினார். நீளமான வசனம், இன்னின்ன நிலைமையில், இத்தனை காலம் வளர்த்த பிறகு என்றெல்லாம் சேர்த்து எழுதியிருந்தார். மேலிடத்திலிருந்து தொலைபேசி வந்தது. விசாரணையை முடிக்க வேண்டும், பெற்றோர் கேட்கிறார்கள், முன்பள்ளி கேட்கிறது. "சேர், உங்கட வசனத்த வாசிச்சால் ஒருத்தருக்கும் ஒண்டும் விளங்காது. இருக்கோ இல்லையோ? ஒரு வரியில தாங்கோ" என்றார்கள். சேர் ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். நான் தோளைக் குலுக்கினேன். இரண்டு தடவை அளந்தாயிற்று, இல்லைதானே என்ற அர்த்தத்தில்.

ஒரு வரி போயிற்று. இந்தக் கோதுமையில் இருந்த பூஞ்சணம் நச்சு உருவாக்காத வகை என்று போயிற்று. தமிழிலும் சிங்களத்திலும் பெயர்த்து, கையெழுத்தும் முத்திரையும் வைத்து அனுப்பினோம். கோதுமையில் பிழை இல்லாவிட்டால் குசினியில்தானே என்று விசாரணை அடுத்த அடி வைத்தது. செல்வராணியின் சத்துமாவை முன்பள்ளி நிறுத்தியது. கடைகள் பைகளைத் திருப்பி அனுப்பின. அவள் வறுக்கிற தாச்சியை இறக்கி வைத்துவிட்டு வேலை தேடப் போனாள்.

சில மாதங்களுக்குப் பிறகு அந்தத் தம்பி தொலைபேசியில் பேசினார். குரலில் ஒரே சந்தோசம். ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு நச்சு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு சந்தோசம்.

"மிஸ், நீங்கள் தந்த பன்னிரண்டு இருக்கெல்லோ, அது பொல்லாத சாமான். என்னட்ட இருக்கிறதுகளுக்குள்ள ஆகக் கூடச் சுரக்கிறது அதுதான்."

"பன்னிரண்டோ? நம்பரை ஒருக்கா வடிவாப் பாருங்கோ, தம்பி. எங்கட பன்னிரண்டு சும்மா இருக்கிற சாது."

"பார்த்திட்டுத்தான் எடுத்தனான், மிஸ்."

நான் ரிசீவரை வைத்தேன். பிறகு போய் சேரிடம் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அந்தத் தம்பி தன்னுடைய தட்டைக் கொண்டுவந்தார். மரபணு அடையாளத்தைப் பார்த்ததில் இரண்டும் ஒன்றேதான். எந்தக் கலப்படமும் இல்லை, தட்டு மாறவும் இல்லை. இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். அவருடையது அழுக்கான சிவப்பு, மெலிந்த நூல், பார்க்கவே அருவருப்பு. எங்களுடையது வெள்ளைப் பஞ்சு. உறைகுளிரில் தூங்கினது தன் குணத்தோடு இருந்தது. நாங்கள் ஊட்டி ஊட்டி வளர்த்தது நச்சுச் சுரப்பதையே மறந்துவிட்டது. நல்ல சாப்பாட்டில் திரும்பத் திரும்ப வளரும்போது, சும்மா கொழுத்து வளர்கிற பகுதிகள் தட்டில் தோன்றும். தர்ஷினி ஒவ்வொரு முறையும் அழகானதைத் தேடி எடுத்தபோது அந்தப் பகுதியைத்தான் எடுத்திருக்கிறாள். அவலட்சணமானதை விட்டுவிட்டிருக்கிறாள். நாங்கள் தேடியது அந்த அவலட்சணத்துக்குள்தான் இருந்தது.

தர்ஷினி இரண்டு தட்டுகளையும் மாறி மாறிப் பார்த்தாள். "நான்தான் மிஸ் பழுதாக்கினது" என்றாள்.

"நான் சொன்னபடிதானே செஞ்சீங்க, மகள்" என்றார் சேர்.

"நான் நடந்து வந்து நடந்து வந்து பழுதாக்கியிருக்கிறன்" என்றாள் அவள். அந்த வருட முடிவில் அவள் தண்ணீர்ப் பரிசோதனைப் பிரிவுக்கு மாறிப் போனாள். இப்போதும் அங்கேதான் இருக்கிறாள், போய்க் கதையுங்கள். ஆனால் தட்டைப் பற்றிக் கதைக்காதீர்கள்.

இனி என்ன செய்வது என்பதில் சேருக்குச் சந்தேகம் இருக்கவில்லை. மேலிடத்துக்கு இருந்தது. "விசாரணை மூடியாச்சு. அந்தப் பொம்பிளையும் யாவாரத்தை விட்டிட்டா. இப்ப போய் என்னத்துக்குக் கிளறுறீங்கள்? எங்கட றிப்போட் பிழையெண்டு நாங்களே சொன்னால் நாளைக்கு ஆர் நம்புவினம்?" என்று கேட்டார்கள். கேட்டதில் நியாயம் இல்லாமலும் இல்லை. சேர் சத்தம் போடவில்லை. "பிழையான தாளுல என்ட கையெழுத்து ஈக்குது. அத நான்தான் திருத்தணும்" என்றார். ஓய்வுபெறச் சில மாதங்களே இருந்தன அவருக்கு. நல்ல பேரோடு போகிற ஆள், இந்தக் கறையோடு போனார். திருத்திய அறிக்கை நீளமான வசனங்களோடு போயிற்று. இந்தத் தடவை ஒரு சொல்லையும் வெட்டவிடவில்லை.

எங்கள் வேலை அதோடு முடிந்துவிட்டது என்று சட்டப்படி சொல்லலாம். ஆனால் செல்வராணிக்கு அதை நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. சேரும் வருகிறேன் என்றார். அவருக்குச் சுகமில்லாமல் போனதால் நான் தனியாகப் போனேன். ஞாயிற்றுக்கிழமை, கோயில் பூசை முடிந்து ஆட்கள் கலைகிற நேரம். ஆட்டோவில் போகும்போது மனம் லேசாக இருந்தது. விடுதலைத் தீர்ப்பைக் கொண்டுபோகிற ஆள் மாதிரி இருந்தேன். இப்போது அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

செல்வராணி இப்போது ஒரு துணிக்கடையில் விற்பனை வேலைக்கு நிற்பதாகச் சொன்னாள். நாள் முழுக்க நின்று கால் வீங்கியிருந்தது. என்னை இருக்கச் சொல்லி, பிளேன்டீ கொண்டுவந்து வைத்தாள். "பயப்பிடாமல் குடியுங்கோ, மிஸ். கடைத் தேயிலைதான்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் குடித்தேன்.

"உங்கட குசினியில பிழை எண்டு சொல்ல ஒண்டும் இல்லை எண்டு இப்ப எழுதியிருக்கிறம். பிழை கோதுமையில" என்றேன்.

அவள் தாளை வாங்கினாள், வாசிக்கவில்லை. "கோதுமையில எண்டால்?"

"நாங்கள் முதல் சொன்னது பிழைச்சுப் போச்சு. அந்தப் பூஞ்சணம் நச்சுச் சுரக்கிறதுதான். கோதுமை இஞ்ச வரேக்கையே அதுக்குள்ள இருந்திருக்கும். உங்களுக்குத் தெரிய வழியில்லை."

"நான் வறுத்தனான், மிஸ். நல்லாச் சிவக்க வறுத்தனான்."

"வறுத்தால் பூஞ்சணம் சாகும். நச்சு இலேசில போகாது."

அவள் தாளைப் பார்த்தாள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கிற பார்வை இல்லை அது.

"அப்ப பிள்ளையள் என்ர மாவாலதான் சத்தி எடுத்ததுகள்" என்றாள்.

நான் அவசரப்பட்டு, உங்கள் பிழை இல்லை, கோதுமைக்காரன் பிழை, அவனுக்கும் தெரிந்திருக்காது என்று என்னவெல்லாமோ சொன்னேன். அவள் தலையாட்டிக் கேட்டாள். பிறகு மெல்லச் சொன்னாள். எங்கள் முதல் அறிக்கையின் பிரதியைப் பரிசோதகர் அவளுக்கும் கொடுத்திருக்கிறார். எல்லாரும் அதை வைத்து அவளுடைய குசினியைக் குறை சொன்னார்கள். அவளோ அதே வரியைத்தான் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். பூஞ்சணத்தில் நச்சு இல்லை. தன் குசினி எப்படி என்று அவளுக்குத் தெரியும். அப்படியானால் தன் மாவில் பிழையே இல்லை. பிள்ளைகள் அன்று வேறு எதையோ சாப்பிட்டிருக்க வேண்டும். இதைத்தான் றெஜினாவிடமும் போய்ச் சொல்லியிருக்கிறாள், ஒருமுறை இல்லை, பலமுறை.

"முதல் அவள் கதவைச் சாத்தினவள், மிஸ். பிறகு லாப்பில குடுத்த தாளைக் கொண்டுபோய்க் காட்டினன். கவுண்மேந்துச் சீல் குத்தியிருக்கு, பார் எண்டு. கொஞ்சம் கொஞ்சமா நம்பினவள். இப்ப அவள் வேலையால வாறவரைக்கும் பெடியன் என்னோடதான். என்ர கையாலதான் சாப்பிடுறான்."

உள் அறையில் தொலைக்காட்சி ஓடுகிற சத்தம் கேட்டது. அதற்கு முன்னால் இருக்கிற பிள்ளை யாருடையது என்று நான் கேட்கவில்லை.

"இதை நான் அவளுக்குக் காட்ட வேணுமோ?" என்று செல்வராணி கேட்டாள்.

உண்மையைக் கொண்டுபோனவள் நான். காட்டாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, காட்டு என்று சொல்லவும் உரிமை இல்லை. "அது உங்கட விருப்பம்" என்றேன். இதைவிடக் கோழைத்தனமான பதிலை நான் என் வேலைக் காலம் முழுவதும் சொன்னதில்லை.

"மேலிடத்துக்கு அனுப்பியாச்சோ?"

"ஓம், அனுப்பியாச்சு."

"அப்ப எப்பவோ ஒரு நாளைக்கு அவளுக்குத் தெரியவரும்."

"வரலாம்."

உங்களுக்கு இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சேர் செய்தது சரி. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன், நாளை உங்களுக்கு இப்படி ஒன்று நடந்தால் நீங்களும் திருத்தித்தான் அனுப்ப வேண்டும். ஆனால் திருத்தம் போய்ச் சேருகிற இடத்தில், முதல் தடவை சொன்னதை நம்பி ஒருத்தி தன் வாழ்க்கையைத் திரும்பக் கட்டியிருப்பாள் என்று நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. குற்றம் சாட்டப்பட்டவள் காத்துக்கொண்டிருக்கிறாள், நாங்கள் போய் விடுவிக்க வேண்டும் என்று மட்டும் நினைத்தோம். அவள் காத்திருக்கவில்லை. எங்கள் பிழையை வைத்தே அவள் தன்னை விடுவித்துக்கொண்டாள். அதை நான்தான் கொண்டுபோய்ப் பறித்தேன். எனக்கு அது ஆறவே இல்லை.

நான் புறப்பட எழுந்தபோது அவள் வாசல்வரை வந்தாள். தாள் கையிலேயே இருந்தது. உள்ளே திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"மிஸ், ஒண்டு கேக்கட்டோ? அந்த நச்சு உடம்புக்குள்ள போனதால, அவனுக்குப் பின்னுக்கு, வளரேக்க, ஏதும் வராதுதானே?"

இதற்கு எனக்குப் பதில் தெரியும். படித்ததும் பார்த்ததும் எல்லாம் அதைத்தான் சொல்கின்றன. ஒருமுறை கொஞ்சம் சாப்பிட்டு, சத்தி எடுத்துச் சுகமான பிள்ளைக்கு அது தங்காது. அன்று முழுவதும் அவளுக்குக் கொடுக்க என்னிடம் இருந்த ஒரே ஆறுதல் அதுதான்.

"ஒண்டும் வராது, செல்வராணி. நிச்சயமாச் சொல்லுறன்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். கோபம் இல்லை, குத்தலும் இல்லை. நம்ப விரும்பி, முடியாமல் நிற்கிற ஒரு தாயின் முகம்தான் அது, அவன் அவளுடைய பிள்ளை இல்லாவிட்டாலும்.

"போன முறையும் நிச்சயமாத்தானே, மிஸ், எழுதினீங்கள்" என்றாள்.